எர்த் சரியாகத்தான் இருந்தது

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர். கிட்டார்க்காரர்; பட்டாளத்திலிருந்து வந்து பகலில் பேங்கு வாசலில் காவலுக்கு நிற்கிறவர், கல்யாணம், திருவிழாவென்றால் கச்சேரிக்கு வாசிக்கிறவர். கீபோர்டு வாசிக்கிறவர். பாடுகிற பெண். தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேடு அடிக்கிறவர். மண்டபத்து வாட்ச்மேன். என் மனைவி. நான்.

மனைவிக்கு அங்கே வேலை இல்லை. புரட்டாசி சனிக்கிழமை. கிட்டாரைக் கொடுத்துவிட்டு அப்படியே பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக் குன்று ஏறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சு. பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ராஜபாளையத்தில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் கடை. படிப்பு ஆறாவதோடு சரி.

கிட்டார் பழைய எலக்ட்ரிக் கிட்டார். மழையில் நனைந்து பெயின்ட் கொப்பளித்துக் கிடந்தது. வால்யூமைத் திருகினால் கரகரவென்றது. கழுத்தில் குறுக்கே பதித்திருந்த பித்தளைக் கட்டைகள் பச்சை பூத்திருந்தன. கிட்டார்க்காரர் கேட்டது, இதையும் சரி பண்ண வேண்டும், ஒரு சுவிட்சைத் தட்டினால் மரக் கிட்டார் மாதிரியும் கேட்க வேண்டும் என்று. இரண்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை என்றார்.

அதற்குத்தான் பீசோ பிக்கப். பிக்கப் என்றால் சத்தத்தைப் பிடித்து வயரில் அனுப்புவது. பழைய பிக்கப் காந்தம். அதற்குக் கம்பி அதிர்வது மட்டும்தான் தெரியும். பீசோ அப்படி இல்லை. கம்பி உட்காரும் இடத்தில் அடியில் சின்னச் சில்லாக இருக்கும். தொட்டதெல்லாம் அதற்குத் தெரியும். மரத்தில் நகம் பட்டால் ஸ்பீக்கர் பாக்ஸில் கேட்கும். சட்டைப் பித்தான் உரசினால் கேட்கும்.

கட்டைகளை எமரித் தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய கன்ட்ரோல்களைக் கழற்றி எறிந்தேன். முதுகில் பேட்டரிக்கு உளியால் குழி எடுத்தேன். பீசோவிலிருந்து வரும் வயர்கள் தலைமுடி கனம். அவற்றை ஈயத்தால் பற்ற வைக்கும்போது மூச்சு விடவில்லை.

மூச்சு விடாததற்குக் காரணம் இருந்தது. ஆடி மாதத்திலிருந்து என் வலது கை ஆடுகிறது. வேலையில் இருந்தால் ஏறக்குறைய நின்றுவிடும். சும்மா வைத்தால் ஆடும். அதனால் சும்மா வைப்பதில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருப்பேன். இல்லையென்றால் பாக்கெட்டில் விட்டுக்கொள்வேன். வெளியே தெரிந்தால் கை ஆடுகிறவன் கடைக்கு எவன் வருவான். வீட்டிலும் சொல்லவில்லை.

மண்டபத்தில் வயரை மாட்டினேன். பாக்ஸ் இரண்டும் ஆள் உயரம். அவர் வாசித்துப் பார்த்தார். காந்தம் நன்றாக இருந்தது. சுவிட்சைத் தட்டினேன். மரக் கிட்டார் வந்தது. பாடுகிற பெண் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கொஞ்சம் இரைச்சல் இருந்தது. எர்த் வயரைப் பார்க்க வேண்டும். எர்த் சரியாக இருந்தால் கம்பிமேல் கை வைத்ததும் இரைச்சல் அடங்கும். கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக் கம்பிமேல் உள்ளங்கையை வைத்தேன்.

இரைச்சல் அடங்கியது. அந்த அமைதியில் வேறொன்று கேட்டது. தடதடதடவென்று, ஒரே சீராக, இரண்டு பாக்ஸிலும்.

முதலில் எனக்கே வயர் கோளாறு என்றுதான் பட்டது. கையை எடுத்தேன். நின்றது.

கீபோர்டுக்காரர் சிரித்தார். "அண்ணாச்சி, உள்ள எலி எதும் கெடக்கா? இன்னொரு தடவ வையுங்க."

வைத்தேன். தடதடதட. பேடு அடிக்கிறவர் அந்தத் தாளத்துக்குத் தொடையில் தட்டினார். வாட்ச்மேன்கூடச் சிரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு கை இன்னும் ஆடியது.

கிட்டார்க்காரர் சிரிக்கவில்லை. ஒரு தடவை என் கையைப் பார்த்தார். குனிந்து வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குத் திருகினார்.

"எர்த் லூசு," என்றார் அவர்களைப் பார்த்து. "நான் பாத்துக்கிடுதேன்."

"ஒரு மாசம் வச்சிருந்து எர்த்த லூசா விட்டுட்டீகளா அண்ணாச்சி?" என்றார் கீபோர்டுக்காரர்.

"ஆமா," என்றேன்.

என் எர்த் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் லூசாக விட்ட எர்த் கிடையாது. ஆனாலும் ஆமாம் என்றேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மனைவி வந்து என் மடியிலிருந்த கிட்டாரை எடுத்துக் கிட்டார்க்காரரிடம் கொடுத்தாள்.

வாசல்வரை அவர் கூட வந்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவரிடம் பழைய ஆம்ப் ஒன்று இருப்பதாகவும் அடுத்த வாரம் கடைக்குக் கொண்டுவருவதாகவும் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன். அந்த ஆம்பில் கோளாறு இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

பஸ் வர நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ சொன்னேன். மனைவி என் கிளாஸை முதலில் வாங்கினாள். அதிலிருந்து கொஞ்சம் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினாள். சில மாதமாக வெளியில் எங்கே போனாலும் அப்படித்தான். அவளுக்கு டீ ஆசை கூடிவிட்டது என்று கேலிகூடப் பண்ணியிருக்கிறேன்.

என் கிளாஸைப் பார்த்தேன். கை ஆடியது. டீ விளிம்பைத் தொடவில்லை.

"எப்பருந்து தெரியும்?"

"ஆடியிலருந்து."

"கேக்கலயே."

"நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன்," என்றாள். பிறகு பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

மலை ஏறினோம். கூட்டம். படியில் என் வலது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வழக்கமாக நடப்பது இடது பக்கம். சாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் டீ போட்டு வைத்துவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கப் போனாள். என் டம்ளர் எப்போதும்போல் குறையாக இருந்தது. டீயைக் கரண்டியால் எடுத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி அளந்தேன். பிறகு அதே டம்ளரில் தண்ணீர் ததும்ப ஊற்றி அதையும் அளந்தேன்.

நிறைய ஊற்றினால் பதினைந்து கரண்டி. அவள் எனக்கு ஊற்றியது ஒன்பது.