என் அறிக்கையை நானே அடித்த நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய் செம்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். தற்காலிக வேலை. ஊழியர்களைப் பற்றிய ரகசிய அறிக்கைகளை ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வேறு டைப்பிஸ்ட் கிடையாது என்பதால், என்னைப் பற்றியதையும் நானே அடிக்க நேர்ந்தது.

ஹெட் கிளார்க் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். வழுக்கைத் தலை, கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, நடந்துகொண்டேதான் ஆங்கிலம் சொல்வார். அன்றும் நடந்தார்.

"ஹிஸ் வொர்க் இஸ் பெட்டர் தேன் இட் வாஸ்."

இப்போது தேவலை என்றால் முன்பு மோசம் என்றாகுமே! மொத்தமே மூன்று வரி அறிக்கை. அதில் ஒன்று இப்படிப் போனால் வேலை எப்படி நிரந்தரமாகும்?

"என்னடே, கை நின்னுட்டு?"

"சார், அந்த 'வாஸ்' வேண்டாமே. எப்பவுமே நன்னா இருக்குன்னு போட்டுடலாமா?"

"மொத மாசம் நீ அடிச்ச லெட்டரப் பாத்து பார்சி மேனேஜர் தலையில அடிச்சுக்கிட்டது மறந்துபோச்சா? எப்பவும் நல்லான்னு எழுதினா சிரிப்பாரு. முந்தி மோசம், இப்ப தேவலன்னு எழுதினா நம்புவாரு. அடிடே!"

அடித்தேன். அந்தச் சனிக்கிழமை, வேலை பக்கா என்று உத்தரவு வந்தது. நன்றி சொல்லப் போனேன்.

"'வாஸ்'னு உள்ளதச் சொன்னேன். 'இஸ்'னு ஒண்ணு சொல்லியிருக்கேன் பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. காப்பாத்திருடே" என்றார்.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் பிழைகளைத் தேடித் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினேன். அவர் நிஜமாகவே பயந்தாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.