சவாசனத்தில் குறட்டை

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவள். போன வாரம் இங்கே என்ன எழுதினேன் என்பதுகூட மறந்துவிட்டது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை தாராவியில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள எங்கள் சால் கட்டடத்து மொட்டை மாடியில் காலையில் பெண்களுக்கு யோகா சொல்லித்தருகிறேன். முழங்கால் வலிக்காக மாட்டுங்கா பூங்காவுக்குப் போய் நான் கற்றுக்கொண்டதுதான். சர்டிபிகேட் எல்லாம் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவிலிருந்து, என் கிளாஸுக்கு வரும் செல்வியின் நாத்தனார் வந்திருந்தாள். முறைப்படி படித்த யோகா டீச்சர். பின்னால் உட்கார்ந்து என் கிளாஸைப் பார்த்தாள். கடைசியில் சவாசனம். எல்லோரும் மல்லாந்து படுத்தார்கள். கொஞ்ச நேரம்தான்... குறட்டை! அதிலும் எஸ்தரின் குறட்டை — லோக்கல் டிரெயின் தோற்றது.

“ஆன்ட்டி, சவாசனத்துல தூங்கக் கூடாது. முழிப்பாத்தான் இருக்கணும்” என்றாள் அந்தப் பெண். மெதுவாகத்தான் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தப்பாகவா சொல்லிக்கொடுத்தேன்? நான் சொல்வது அவ்வளவு போரடிக்கிறதா?

மறுநாள் கிளாஸ் முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டேன். “நாளையிலேருந்து கிளாஸ் பந்த். எனக்குச் சரியாச் சொல்லித்தரத் தெரியல. அந்தச் சான்பாடாப் பிள்ளையவே கூப்பிட்டுக்கிடுங்க.”

எஸ்தர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “ஏன் யக்கா, அவ வந்தா எழுப்பி விட்டுருவாளே!”

ஒரே சிரிப்பு.

“சிரிக்காதட்டி! எம் முன்னாலயே ஒறங்குதிய. எனக்கு வெக்கமா இருக்காதா?”

“வேற எங்க ஒறங்க?” என்றாள் செல்வி. “விடியுமுன்னே தண்ணி புடிக்கணும். பெறவு சோத்து டப்பா கட்டணும். வீட்டுல செத்த சாஞ்சா, ‘ஏளா, எஞ் சட்டை எங்க’ன்னு ஒரு சத்தம். இங்கதான்க்கா ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ.”

“அதுக்குப் பேரு யோகாவா?”

“அதெல்லாம் தெரியாது. நீங்க படுங்க, இன்னைக்கு நான் சொல்லுதேன்” என்று எஸ்தர் என்னைப் பாயில் தள்ளாத குறையாகப் படுக்கவைத்தாள். “காலைத் தளர விடுங்க... வவுத்தத் தளர விடுங்க... மருமவள நெனைக்காதிய...”

சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை!

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. என்மேல் யாருடைய துப்பட்டாவோ போர்த்தியிருந்தது. மற்றவர்கள் வேலைக்குப் போய்விட, செல்வி மட்டும் பக்கத்தில் காவல்.

“யக்கா, கொறட்டையில எஸ்தரு தோத்துட்டா!”

தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோமோ என்ற பயம் வராத டீச்சர் உண்டா? வரட்டும். மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் அது வளர்கிறது. நாலு பேர் நடுவே போட்டு உடைத்தால், பாதி சிரிப்பாகப் போய்விடுகிறது. கிளாஸ் நடக்கிறது.

சவாசனத்தில் தூங்கலாமா கூடாதா — விவரம் தெரிந்தவர்கள் யாராவது புத்தகத்தில் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் மட்டும் போன் பண்ண வேண்டாம்... ஒருத்தரும் எடுக்க மாட்டோம்!