வெள்ளிக்கிழமை ஊசியும் தாடைப் பருவும்

முதல் பருவை நான் பார்த்தது ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கண்மை தீட்டிக்கொண்டிருந்தபோது. சின்னமனூரில் எனக்கு ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. கண்ணாடியில் பெண்ணின் முகத்துக்கு மேலே என் முகமும் தெரிந்தது, தாடையின் இடது பக்கம் சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது. நாற்பத்தாறு வயதில் பரு. எனக்கே சிரிப்பு வந்தது. பெண்ணின் சித்தி சும்மா விடுவாளா?

"பொண்ணுக்கு வர வேண்டியது ஒங்களுக்கு வந்திருக்கு" என்றாள்.

"வயசு திரும்புது போல" என்று நானும் சொல்லிவைத்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தாடை முழுக்க வந்தது, கழுத்தோரம் இறங்கியது. சிலது சிவந்து கல் மாதிரி உள்ளேயே நின்றது, சிலது சீழ் கோத்தது. கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் கிள்ளாதே, தழும்பு விழும் என்று தொண்டை வறளச் சொல்கிறவள் நான். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நானே கிள்ளினேன்.

வேறு சமயமாக இருந்தால் இதை ஒரு பொருட்டாகவே எடுத்திருக்க மாட்டேன். அப்போது நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வயிற்றில் ஓர் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். எடை குறைக்கும் ஊசி. அது அழகுக்காகப் போட்டதில்லை. பார்லர்காரி அழகுக்குத்தான் போட்டிருப்பாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே தம்பி. தேனியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸில் படுக்கிறவன். கிட்னி கொடுக்க அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. மதுரை டாக்டர் எல்லாச் சோதனையையும் முடித்துவிட்டுக் கடைசியில் என்னை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்.

"கிட்னி நல்லா இருக்கும்மா. ஆனா இந்த எடைக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. பின்னால சுகர் வந்தா மிச்சமிருக்கிற ஒண்ணும் கெட்டுப்போகும். குறைச்சிட்டு வாங்க" என்றார்.

தம்பிக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. "ஒன்ன அறுத்து நா வாழணுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பெண்டாட்டி அழுது, நான் திட்டி, ஒருவழியாகச் சம்மதித்தபோதும் ஒரு நிபந்தனை போட்டான். "இதுனால ஒனக்குச் சின்னக் கொறை வந்தாலும் நா ஒத்துக்கிட மாட்டேன். அப்பறம் என்னயக் கொறை சொல்லக் கூடாது." அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிடிவாதம்தான் அது.

நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், ஒன்றும் நகரவில்லை. அப்புறம்தான் தேனி டாக்டர் இந்த ஊசியை எழுதிக்கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். போட்ட சில வாரங்களில் பசி என்பதே மறந்துபோனது. எதிரே பஜ்ஜி பொரித்தாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். சதை கரைந்தால் தெம்பு போய்விடும் என்று புரதப் பவுடரும் குடித்தேன். எடை இறங்கியது. வீரபாண்டி மாரியம்மன் திருவிழா முடிந்ததும் மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று மெஷின் ஒத்துக்கொண்டால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பரு.

ஊசி வாங்கிய இடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "வாந்தி வரும், மலச்சிக்கல் வரும்னுதான் சொல்லியிருக்காக. பரு பத்தி டாக்டர்கிட்டதேன் கேக்கணும், நேர்ல வாங்கம்மா" என்றாள் அங்கிருந்த பெண். நேரில் போகப் பயமாக இருந்தது. போய், டாக்டர் ஊசியை நிறுத்து என்று சொல்லிவிட்டால்? போனில் தேடினேன். ஓரிடத்தில் சிலருக்கு வரலாம் என்றிருந்தது, இன்னோரிடத்தில் இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றிருந்தது, மூன்றாமிடத்தில் முகத்துக்குக் கிரீம் விற்றார்கள். எதை நம்புவது?

தம்பியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தாடையில் பருவை மறைக்கும் கன்சீலர் அப்பி, அதன்மேல் பவுடர் போட்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கல்யாணப் பெண்களுக்குப் போடுவதைவிடக் கவனமாகப் போட்டேன். அவன் கண்ணில் பட்டால் அதைச் சாக்காக வைத்து மாட்டேன் என்று சொல்லிவிடுவான். எனக்கு இருந்த பயமெல்லாம் இது ஒன்றுதான்.

சித்திரை வெயில் ஏறியது. வீரபாண்டியில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டு, வீட்டிலும் வழக்கமாகப் பூசுவதை மறந்து கொல்லைப்பக்கம் வந்தேன். என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்கு இது?"

"பருங்க."

"ஒன் வயசுக்கு என்னத்தப் பரு? ஆத்தா எறங்கியிருக்கா." கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் குளித்துத் தலை துவட்டுவதற்குள் வாசலில் வேப்பங்கொத்து ஏறிவிட்டது. எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது, மருந்து மாத்திரை ஊசி எதுவும் கூடாது. வந்திருப்பவளை ஊசியால் குத்தி விரட்டுவது மரியாதை இல்லையாம். அவருடையது மூன்று தலைமுறையாக டிராக்டர் ஸ்பேர் விற்கிற குடும்பம், பேரிங் போனால் மாற்று என்பார்கள், ஆத்தா விஷயத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். தேனிக்கும் அவரே போன் போட்டார். "ஒங்கக்காவுக்கு ஆத்தா போட்டிருக்கு. இங்கன யாரும் வர வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் பாதி முகங்கள் என் கையில் பட்டவை, பருவுக்கும் அம்மைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? கத்தப் போனவள் நிறுத்திக்கொண்டேன். ஒருவேளை நிஜமாகவே அம்மையாக இருந்தால்? டயாலிசிஸில் கிடப்பவனுக்கு அது தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்று அவனுடைய டாக்டரே சொல்லியிருக்கிறார். என் கண்ணை நம்பி நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் கண் தப்பாகிப்போனால்? தாடையில் தண்ணீர் கோத்திருந்த ஒன்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்காக அடங்கி இருக்க வேண்டும், அவனுக்காகவே ஊசியும் போட வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவனுக்குக் கெடுதல் செய்கிறேனோ என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியபின் ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஊசி இல்லை.

"ஆத்தா இருக்கிற வீட்டுல, பால் தயிர் வைக்கிற எடத்துல அது இருக்கலாமா? பரண் மேல வச்சிருக்கேன்" என்றார் அவர், ஏதோ உதவி செய்த முகத்தோடு.

பரணில், ஓட்டுக்கு நேர் கீழே, எவர்சில்வர் டப்பாவுக்குள் இருந்தது. தொட்டால் சுட்டது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெயிலில் வெந்த மருந்தைப் போடலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போடவில்லை.

பசி திரும்பி வந்தது. மாதக்கணக்கில் காணாமல் போனது மொத்தமாக வட்டியோடு வந்தது. அம்மை கண்டவளுக்குக் குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டுமென்று தெருவே வாசலில் வைத்துவிட்டுப் போனது. கூழ், இளநீர், நுங்கு, தயிர்ச்சோறு, வெல்லம் போட்டு இடித்த துள்ளுமாவு. வேண்டாமென்றால் ஆத்தாவை வேண்டாமென்று சொன்ன மாதிரி. "நீயா திங்கிற, அவளுக்குத்தேன் போகுது" என்றார் வீட்டுக்காரர். மதுரை மெஷினில் அவளா ஏறி நிற்கப் போகிறாள்?

தம்பி போன் பண்ணினான். எடுத்ததும் வீடியோவைப் போடச் சொன்னான். வெளிச்சம் இல்லை, கேமரா சரியில்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

"மச்சான் ஆத்தான்றாக. ஒனக்குக் காய்ச்ச இருக்கா?"

"இல்ல."

"ஒடம்புல இருக்கா?"

"தாடையில மட்டுந்தேன்."

"அப்ப அது ஆத்தா இல்லக்கா. அந்த ஊசி. மூஞ்சிலயே இம்புட்டு வேல காட்டுதுன்னா உள்ள என்னென்ன பண்ணுதோ. விட்டுரு. நா அப்பயே சொன்னேன்ல."

எது வந்துவிடக் கூடாதென்று பயந்தேனோ அது வந்தேவிட்டது. "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரை உட்கார வைத்து முகத்தைக் காட்டினேன். "நல்லாப் பாருங்க. ஆத்தாவா இருந்தா இந்நேரம் காஞ்சு பொருக்கு விட்டிருக்கும். ஒடம்பெல்லாம் எறங்கியிருக்கும். ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு நாள் லேட்டானாலும் அங்கன அவன் செத்துக்கிட்டிருக்கான்."

அவர் முரடர் இல்லை, பயந்தவர். சின்ன வயதில் அம்மையில் தங்கையைப் பறிகொடுத்தவர். வெகுநேரம் வாசலைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், தேனியில் டாக்டரிடம் காட்ட பைக்கை எடுத்தார். முன்பக்கம் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னா நாந்தேன் பதில் சொல்லணும்" என்றார். வீரபாண்டி வந்ததும் வண்டி நின்றது. தீச்சட்டிக்காரர்கள் நடுவே, வண்டியில் இருந்தபடியே கோயில் திசைக்குக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வெறும் பருவாகவே இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்ட முதல் பார்லர்காரி நானாகத்தான் இருப்பேன்.

தேனித் தோல் டாக்டர் விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். இளம் பெண். அம்மை இல்லை என்று உடனே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"அப்ப ஊசிதேன் காரணமா?" என்று கேட்டேன்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஊசியா இருக்கலாம். எடை வேகமா எறங்கினதால இருக்கலாம். இந்த வயசுல ஹார்மோன் மாறும். நீங்க குடிக்கிற பவுடராலயும் சிலருக்கு வரும். மொதல்ல பவுடரை நிறுத்திப் பார்ப்போம். கிரீம் தர்றேன். இதுக்காக ஊசியை நிறுத்த வேண்டியதில்ல, நான் ஒங்க டாக்டர்கிட்டப் பேசுறேன். அந்த வெயில்ல வச்சதை மட்டும் தூக்கிப் போட்டுட்டு, புதுசு வாங்கிப் போடுங்க."

மேக்கப் பை கைப்பையில்தான் இருந்தது. அதைத் திறக்காமல் அப்படியே டயாலிசிஸ் நடக்கிற இடத்துக்குப் போனேன். தம்பி ஒரு கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தான். அவன் தலைமாட்டில், குழல் விளக்குக்கு நேர் கீழே போய் நின்றேன்.

"நல்லாப் பாரு. பருதேன். டாக்டரம்மா சொல்லிட்டாக. ஊசிய நிறுத்த வேண்டியதில்லையாம். இதச் சாக்கு வச்சு நீ மாட்டேன்னு சொன்னா, நா பொல்லாதவளாகிருவேன்."

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எங்கிட்ட மறச்சுல்ல வந்திருக்க" என்றான்.

"ஆமா. நீ வேணாம்னுருவன்னு மறச்சேன்."

அவன் மெஷினுக்குக் கொடுக்காத கையின் சட்டைப் பொத்தானைப் பல்லால் கழற்றினான். எந்த வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டைதான் போடுவான். கடைக்காரன், கிரீஸ் பட்டுவிடுமென்று போடுகிறான் என்றே நினைத்திருந்தேன். கையைத் தூக்கி உதறியதும் சட்டைக்கை முழங்கைக்கு இறங்கியது. தோல் கறுத்து, சொரசொரத்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, ஆறிய புண்மேல் புதுப்புண்.

"அரிப்பு. கிட்னி போனா இப்படித்தேன் வருமாம். தூங்க முடியாதுக்கா" என்றான். "இதக் காட்டுனா நீ சோறே திங்காம ஒடம்பக் கொறைக்கப் பாப்பன்னு நானும் காட்டல."

ஊரார் முகத்தையெல்லாம் தடவிப் பார்க்கிறவள் நான். கூடப் பிறந்தவன் கையை இத்தனை நாள் பார்க்கவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை. அந்தப் புண்களின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கொதித்தது.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் சட்டைக்கையை மேலே இழுத்துவிடவில்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவனே கேட்டான். "அடுத்த ஊசி எப்பக்கா?"

"வெள்ளிக்கிழம" என்றேன்.