வஜீஹாவும் பொய்க் காதுகளும்

இல்லவே இல்லை. கீழ்வீட்டுப் பொன்ராஜின் மகனுக்கு அம்மை போட்டதற்கு என் பேத்தி வஜீஹா காரணமில்லை. எங்கள் மயிலாப்பூர்ச் சந்து முழுக்க என்ன பேசினாலும் நான் இதையேதான் சொல்வேன், நீ எழுதிக்கொள்.

அவள் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாட்டம்மை, குரங்கம்மை என்று ஒரு கிருமிக் குடும்பம் இருக்கிறதாம். அது உடம்புக்குள் புகுந்தால், புகுந்த இடம் அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கும். கிருமி அதற்கும் வழி வைத்திருக்கிறது. பொய்க் காது மாதிரி சில புரதங்களைச் செய்து வெளியே விடும். கத்துகிற கத்தலையெல்லாம் அவையே பிடித்துக்கொள்ளும். பக்கத்து இடம் ஒன்றும் தெரியாமல் சும்மா கிடக்கும். வஜீஹா அந்தப் புரதத்தை மட்டும் தனியாக வைத்துப் படிக்கிறாள். அவள் மேசையில் கிருமியே கிடையாது. பையனுக்கு வந்ததோ சின்னம்மை. அந்தக் குடும்பத்திலேயே சேராத வேறு கிருமி.

பொன்ராஜின் மனைவி இதையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் வாசலில் கட்டியதுபோல் எங்கள் வாசலிலும் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள்.

“எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லியே. இன்னாத்துக்கு?” என்றேன்.

“உன் பேத்தி டெய்லி அம்மையத் தொட்டுக்கினு வருது ஆயா. ஆத்தா கோச்சுக்கினா யாரு பதில் சொல்றது?”

“தொட்டுக்கினு வர்றதுக்கு அது இன்னா ஊறுகாயா?”

அவள் சிரிக்கவில்லை.

என் மகன் இனாயத்துக்குக் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுவதுதான் பிழைப்பு. வேப்பிலை தொங்குகிற வீடு அம்மை வீடு. அங்கே சமைத்ததை யார் சாப்பிடுவார்கள்? தேனாம்பேட்டையிலிருந்து வந்த பெண்வீட்டார் வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. பிய்த்துப் போட நான் கை நீட்டினேன். ஆத்தாவுக்குக் கட்டியதை பாய் வீட்டுக்காரர் பிய்த்தார் என்று வேறு பேச்சாகிவிடும் என்று இனாயத் தடுத்துவிட்டான்.

மகள் வஜீஹாவைக் கூப்பிட்டான். “அந்த வேலைய வுட்ரும்மா. இல்லாங்காட்டி கொஞ்ச நாளு வேற எங்கனா இருந்துக்கோ.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“வாயத் தொறந்து பேசேன்டி” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் தாதி. கேட்டுக்கினாங்க. அவ்ளோதான்.”

வேலையை அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை, பாலவாக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்துப் பெட்டியோடு கிளம்பினாள். இனாயத் குழாயடியில் கழுவிய பிரியாணி தேக்ஸாவையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். எப்போதும் ஆட்டோக்காரரிடம் சண்டைபோட்டுப் பேரம் பேசுகிறவள், அன்று அவர் கேட்டதற்குச் சரி என்று ஏறி உட்கார்ந்தாள்.