டெஸ்டிங் தாத்தா

ஆரப்பாளையத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை இருந்தது. ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற கடை. கல்யாணம், சடங்கு, திருவிழா என்று எந்த ஊரில் கூப்பிட்டாலும் போய் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒயரும் ஆம்ப்ளிஃபையரும்தான் கைக்கு வந்தன.

செட் கட்டியதும் ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, சத்தம் கிழிகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எந்தப் பாட்டு என்பதில்தான் வம்பு. சாமி பாட்டைப் போட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. ஒரு நடிகர் பாட்டைப் போட்டால் இன்னொரு நடிகரின் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு ஊரில் தெரியாமல் ஒரு கட்சிப் பாட்டைப் போட்டுவிட்டேன். கட்டின குழாயைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு ஒன்று வேண்டியிருந்தது.

அக்கா வீட்டுக்காரருக்குக் கப்பலில் சமையல் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தபோது ஒரு கேசட் கொடுத்தார். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எங்க கப்பல்ல இஞ்சின் வேலை பாக்குறான் ஒரு கியூபாக்காரன். அவன் குடுத்தான் மாப்ள. அவுங்கப்பா பாடுனதாம்."

"என்ன சொல்லிப் பாடுறாரு மச்சான்?"

"யாருக்குத் தெரியும்? அவன் அழுதுகிட்டே கேப்பான். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேப்பேன். ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி."

முதலில் குரல் மட்டும் வரும். வயசான குரல், ஆனால் நடுக்கமில்லை. அப்புறம் கிட்டார் மாதிரி ஒன்று, கம்பி சன்னமாகக் கிணுங்கும். அப்புறம் கையால் தட்டுகிற கொட்டு. குரல் கிழியாமல், கம்பி கூசாமல், கொட்டு அதிராமல் கேட்டால் செட் சரி. கொட்டு வந்ததும் நிறுத்திவிட்டுச் சாமி பாட்டுக்குப் போய்விடுவேன். சாமிக்கும் கோபமில்லை, நடிகருக்கும் கோபமில்லை.

சமயநல்லூர்ப் பக்கம்தான் அவருக்கு முதலில் பேர் வைத்தார்கள். டெஸ்டிங் தாத்தா. அவர் குரல் கேட்டால் விசேஷம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் பந்தலுக்கு ஓடி வரும். சமையல்காரர்கள் உலை வைப்பார்கள். ஒரு சடங்கு வீட்டில் மாற்றிப் பார்க்கலாமென்று வேறு கேசட்டைப் போட்டேன். கரண்டியோடு வந்து நின்றார் சமையல்காரர்.

"என்னாண்ணே, தாத்தாவுக்கு இன்னைக்கு லீவா? அவரு பாடாம நான் எப்பிடி உலை வைக்கிறது?"

ஒரு நாயனக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைச் சரிபார்க்கும்போது அந்தக் கம்பி வரும் இடத்தைத்தான் வாசிப்பார். கேட்டால், "அது எங்க தாத்தாண்ணே, உங்களுக்குத்தேன் வாடகைக்கு விட்டிருக்கோம்" என்பார்.

வெயில், புழுதி, ஓயாத ஓட்டம். சில வருஷத்தில் நாடா அறுந்தது. ஒட்டினேன். திரும்பவும் அறுந்தது. பிறகு ஒட்டவும் வரவில்லை. அதற்குள் சிடி வந்துவிட்டது. கொஞ்ச நாள் ஊர்களில் தாத்தாவைக் கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு லீவில் மச்சான் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே கடைக்கு வந்தார்.

"மாப்ள, அந்தக் கியூபாக்காரன் கேசட்டு இருக்கா?"

"அது அந்துபோச்சு மச்சான்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். அங்கே ஒரு புயலில் அவன் வீடு போனது. அப்பா பாடி வைத்திருந்த கேசட்டெல்லாம் தண்ணியோடு போனது. இப்போது அப்பாவும் செத்துப்போனார். கடலோரத்தில் சின்ன ஊர். அவர் பாடாமல் அங்கே ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அவரை எடுத்த அன்றைக்கு ஒரு கடை திறக்கவில்லை.

"இப்பவும் தெருவுக்குத் தெரு அவரு பாட்டைத்தேன் பாடுறாங்களாம் மாப்ள. எல்லார் வாயிலயும் எங்கப்பா பாட்டு இருக்கு, எங்கப்பா குரல் மட்டும் எங்கயும் இல்லைங்கிறான். உனக்குக் குடுத்தது ஒண்ணுதேன் மிச்சம்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான்."

நான் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தேன்.

"பாட்டு முடிஞ்சதும் அவரு இவனைக் கூப்பிடுவாராமே? இவன் அப்ப சின்னப் பய. பக்கத்துல உக்காந்திருந்தானாம். அந்தக் கூப்பிடுற சத்தம் ஒரு தடவை கேட்டாப் போதும்ங்கிறான். நீ கேட்டிருப்பியே?"

"இல்ல மச்சான்."

"இம்புட்டு வருசம் ஓட்டியிருக்க. முடிவு கேக்கலையா?"

"டெஸ்டிங்குக்கு எதுக்கு மச்சான் முடிவு?"

என்னையே பார்த்தார். மாதக் கடைசியில் அவருக்கு ரயில்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குள் இருந்தால் வாசலுக்கு வருவேன். வாசலில் நின்றால் உள்ளே போவேன். ஒயரை எடுப்பேன், எதற்கென்று தெரியாமல் வைப்பேன். சோற்றில் பாதியில் எழுந்தேன்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்து திங்க மாட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

எழுந்தவன் கை கழுவும்போதுதான் தோன்றியது. கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பவர் சீக்கிரமே வந்துவிடுவார். பந்தல், வாழைமரம், அடுப்படி என்று முதலில் அதையெல்லாம் எடுப்பார். நாங்கள் டெஸ்டிங் போடுவதும் அந்நேரம்தான். அந்தப் படத்துக்குப் பின்னால் தாத்தா இருக்க வேண்டும்.

வீடியோக் கடையில் கேசட் ஓட்டுகிற டெக் ஒன்றை இரவல் வாங்கி மொபெட்டில் கட்டினேன். சமயநல்லூரில் ஒரு வீட்டில் அவர்கள் கல்யாண கேசட்டைப் போட்டேன். வாழைமரம் கட்டுகிறார்கள், பின்னால் தாத்தா பாடுகிறார். டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்தேன். கம்பி வந்தது. கொட்டு வந்தது. டக்கென்று சாமி பாட்டு. இன்னொரு வீடு. அங்கேயும் கொட்டு, உடனே சாமி பாட்டு. போன இடத்தில் எல்லாம் அப்படித்தான். என் கை எங்கேயும் தப்பவில்லை.

எங்கேயாவது தப்பியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே மொபெட்டை ஓட்டினேன். பள்ளம் மேடு தெரியவில்லை. பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான்.

ஒரு புளியமரம் நினைவுக்கு வந்தது. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். நான் குழாயோடு மரத்தில் ஏறியிருந்தேன். கூட்டாளி கீழே பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நிறுத்த ஆளில்லை. நான் மேலே இருந்து தொண்டை கிழியக் கத்தினேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அந்த வீட்டு வாசலில் நின்றேன். கல்யாண வீடியோ கேசட் என்றதும் பெண்ணைப் பெற்ற அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"அந்தக் கல்யாணமே இல்லைன்னு தீத்துவிட்டாச்சு. இப்ப வந்து கேசட்டுக் கேக்குறீகளாக்கும்? கூட நாலு பேரைக் கூட்டியாந்து பந்தி போடச் சொல்லுங்க."

"கல்யாணம் வேணாம்மா. அதுக்கு முன்னாடி ஓடுன பாட்டு மட்டுந்தேன்."

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. மகள் வெளியே வந்தாள். கழுத்தில் அளவு டேப். அன்றைக்கு மணப்பெண் அவள்தான்.

"எந்தப் பாட்டுண்ணே? டெஸ்டிங் தாத்தாவா?"

"ஆமாம்மா."

யார், எந்த ஊர், எதற்கு என்று சொன்னேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். உள்ளே போய் மஞ்சப்பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தாள்.

அவர்கள் டிவியில் டெக்கை மாட்டினேன். பந்தலுக்குத் தென்னங்கிடுகு ஏற்றுகிறார்கள். அவள் ஈரத்தலையோடு நின்று யாரிடமோ நாக்கைத் துருத்துகிறாள்.

"பந்தல் போடுற வரைக்கும் எல்லாம் நல்லாத்தேன் இருந்திருக்கு" என்றாள்.

அம்மா எழுந்து உள்ளே போனார். போனவர் கதவோரம் நின்று பார்த்தார்.

தாத்தா தொடங்கினார். கம்பி. கொட்டு. என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. கொட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து பாடினார்கள். அதில் ஒரு பொம்பளைக் குரலும் இருந்தது. நான் அவரைத் தனியாகப் பாடுகிறவர் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் சொல்ல, இவர் பதில் சொல்ல, கம்பி வேகம் பிடித்தது. பிறகு எல்லாம் அடங்கி அவர் குரல் மட்டும். முடித்துவிட்டுச் சிரித்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கூப்பிடுகிற வார்த்தை. அது எந்தப் பாஷையிலும் தெரியும். ஒரு சின்னப் பயலின் குரல் பதிலுக்கு எழுந்தது. அந்தக் குரல் முடிவதற்குள் அதன் மேலே என் குரல்.

"அடேய், எவன்டா அங்க? ஆஃப் பண்ணுங்கடா!"

அவள் சிரித்துவிட்டாள். "அது நீங்களாண்ணே?"

"நாந்தேன்."

திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்பா கூப்பிடுவது சுத்தமாக இருந்தது. பயலின் குரல்தான் பாதி என் கத்தலுக்கு அடியில் போயிருந்தது. எதுவும் செய்ய முடியாது. டெக்கிலிருந்து ஒயர் போட்டுப் பாட்டை மட்டும் ஒரு சின்ன ஆடியோ கேசட்டில் ஏற்றினேன். பெரிய வீடியோ கேசட்டை அவளிடம் கொடுத்தேன்.

"பந்தல் போட்டதுக்கு அப்புறம் உள்ளதை அழிச்சுக் குடுங்களேண்ணே."

"அது உங்க கேசட்டும்மா. அழிக்கிறதுன்னா நீங்க அழிங்க."

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மஞ்சப்பையில் சுற்றினாள்.

ரயிலடியில் மச்சானிடம் கொடுத்தேன். "கடைசியில என் சத்தம் விழுந்திருக்கு மச்சான். அவன்கிட்டச் சொல்லிருங்க."

"கெடக்கட்டும்" என்று சட்டைப் பைக்குள் வைத்தார். ரயில் போன பிறகும் நான் பிளாட்பாரத்தில் மேலும் கீழும் நடந்தேன். டிக்கெட் கேட்டு ஒருவர் வந்ததும்தான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போனுக்கும் ஓடினேன். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மச்சான் பேசினார். எங்கோ ஒரு துறைமுகம். இரைச்சல்.

"குடுத்துட்டேன் மாப்ள. இஞ்சின் ரூம்ல கேக்காதுன்னு என் அடுப்படியில வந்து உக்காந்து கேட்டான். அன்னைக்கு வெங்காயமே உரிக்கலை. ரெண்டு பேரும் அழுதோம்."

"என் சத்தம்?"

"யாரு அதுன்னு கேட்டான். என் மச்சினன், மரத்து மேல இருந்து கத்துனதுன்னேன். மரத்து மேலயான்னு அப்பிடி ஒரு சிரிப்பு. இப்ப ஊருக்குப் போயிட்டு வந்துட்டான். வீட்டுக்கு வீடு காப்பி எடுத்துட்டாங்களாம். பாட்டு முடிஞ்சதும் அங்க உள்ள பயலுக உன்னைய மாதிரியே கத்துறாங்களாம்."

"என்னன்னு?"

"ஆஃப் பண்ணுங்கடான்னுதேன்."

அடுத்த முகூர்த்தத்தில் சமயநல்லூரில் ஒரு கல்யாணம். நானும் ஒரு காப்பி வைத்திருந்தேன். அதைப் போட்டேன். தாத்தா பாடினார். கொட்டு வந்தது. நான் தொடவில்லை.

"எம்புட்டு நேரம்ணே டெஸ்டிங்கு? முகூர்த்தத்துக்கு முன்னாடி முடிஞ்சிருமா?" என்றார் பந்தல்காரர்.

குழாயைக் கைகாட்டினேன். தாத்தா சிரித்தார், கூப்பிட்டார், பயல் பதில் சொன்னான். குழாய் வழியாக ஊர் முழுக்க என் குரல் கேட்டது. அடுப்படியில் இருந்து பழைய சமையல்காரர் ஓடி வந்தார்.

"என்னத்தண்ணே ஆஃப் பண்ணணும்? அடுப்பையா?"

"ஒண்ணும் வேணாம். பாட்டு முடிஞ்சிருச்சு. நீங்க உலையை வைங்க."