தெருவைப் பார்த்த சமையலறை

அன்று காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. குள்ளஞ்சாவடியிலிருந்து தங்கமணி, வசந்தா அக்காவின் எதிர்வீட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர். எடுத்ததும் பேச்சு வரவில்லை, மூச்சுதான் கேட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளிய எனக்கு அந்த மூச்சே போதுமானதாக இருந்தது. பிறகுதான், "அக்கா நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்கம்மா" என்றார். டூட்டிக்குப் போகாமல் குள்ளஞ்சாவடி பஸ்ஸைப் பிடித்தேன்.

வசந்தகுமாரி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய ஆட்களுக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். கணவர் நோயில் இறந்தபின் கருணை அடிப்படையில் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தவர். பிள்ளைகள் இல்லை. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே போக்குவரத்து நின்று வெகுகாலமாகியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லைன் கிடைக்கவில்லை என்று ஓர் அதிகாரி கத்தியதில் அழுதுவிட்டேன். அக்கா என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, "சார், லைன் கிடைச்சிரும். நீங்க கத்துறத நிறுத்துனாத்தான் அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்கும்" என்றார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்ட மாட்டோம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்குவார் என்று செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கடந்துபோவோம். அக்காவின் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சுரங்கத்தில் வேலை பார்த்த மைன்ஸ்காரர் ஒருவர் இருந்தார். மனைவி ஊருக்குப் போயிருந்த சமயம், அவர் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. வாசலில் பந்து விளையாடிய பிள்ளைகளை, "மாமா நைட் ஷிஃப்ட், தூங்குறாரு, அந்தாண்ட போய் விளையாடுங்க" என்று அக்காவே விரட்டினார். மனிதர் அப்போதே உள்ளே இறந்துகிடந்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது முதல் நாளே கதவைத் தட்டியிருப்பார்கள். நாங்கள் நாகரிகம் தெரிந்தவர்கள் அல்லவா, தட்டவில்லை.

அக்கா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் கேண்டீனில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "கற்பகம், எனக்கு வேற எந்த ஆசையும் இல்ல. நான் விழுந்தா உடனே யாருக்காச்சும் தெரியணும், அவ்வளவுதான்" என்றார். தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்; அந்தப் பயம் எனக்கும் உண்டு. நானும் தனிக்கட்டைதானே.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மற்றவர்கள் மனை வாங்கிப் புது வீடு கட்டிக்கொண்டிருக்க, அக்கா நெய்வேலிக்குப் பக்கத்தில் குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய செங்கல் வீட்டைப் பிடித்தார். பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர். பூச்சு உதிர்ந்து செங்கல் பல்லிளித்தது. முன்னறை பட்டப்பகலிலும் இருட்டு. சமையலறையோ கொல்லைக் கோடியில், கிணற்றை ஒட்டி. "இந்தக் கோட்டைக்குள்ள நீங்க விழுந்தா காக்காகூட எட்டிப் பாக்காதுக்கா" என்றேன். அவர் சிரித்தார். "அதான் பிரிச்சுக் கட்டப் போறோமே" என்றார்.

அந்த வாரமே ஒரு டப்பா கோலமாவோடு வந்தார். தரையெல்லாம் கோடு இழுத்தார். இது சுவர், இது வாசல், இது அடுப்பு மேடை. நான் டீ டம்ளரோடு குறுக்கே நடந்துவிட்டேன். "அடியே, சுவத்துக்குள்ள பூந்து வர்றியே, வாசல் இந்தாண்ட இருக்கு!" என்று திருப்பி அனுப்பினார். நானும் வாயை மூடிக்கொண்டு வாசல் வழியாகப் போய்வந்தேன்.

மேஸ்திரி கலியபெருமாள் கோடுகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "ஏம்மா, வூட்டு மூஞ்சியிலயா அடுப்ப வெக்கிறது? நாலு பேரு ஓட்டலுன்னு நெனச்சிக்கினு உள்ள பூந்துடுவாங்க."

"பூந்தா ரெண்டு தோசை ஊத்திக் குடுத்துட்டுப் போறேன் மேஸ்திரி."

"வாஸ்துன்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"தனியா இருக்கிறவளுக்குத் தெருதான் வாஸ்து. எனக்கு அடுப்புல நின்னா தெரு தெரியணும். தெருவுல நின்னா நான் தெரியணும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது, அக்கா முடிவெடுத்தால் எடுத்ததுதான். காம்பவுண்டுச் சுவர் இடுப்பளவுக்கு இறங்கியது. இருண்ட முன்னறை அகலமான கம்பி ஜன்னல் வைத்த சமையலறையாக மாறியது. கொல்லைப்பக்கம் இருந்த பழைய சமையலறை படுக்கையறையானது. வெளிச்சுவரை மட்டும் பூச விடவில்லை. மிச்சமிருந்த பூச்சையும் சுரண்டிவிட்டு, செங்கல்லின் இடுக்குகளில் மட்டும் சிமென்ட் அடைக்கச் சொன்னார். சிவப்பாக, பார்க்க நன்றாகவே இருந்தது. நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஊர் சிரித்தது. பிறகு பழகிக்கொண்டது. சந்தைக்குப் போகிறவர்கள் ஜன்னலில் நின்று, "இன்னா கொழம்புங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் அக்காவோடு பேச முறை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பொழுது சாய்ந்து தெரு அடங்கியபின், ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். யாரும் வராத தெருவைப் பார்த்தபடி இருப்பார். வீட்டை மாற்றிக் கட்டலாம், இதை என்ன செய்ய? பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், கிளம்பிவிடுவேன்.

கடைசி நாள் நடந்ததைத் தங்கமணி சொன்னார். "பால் காச்சிக்கினு நின்னாங்கம்மா. நான் மாவு ஊத்திக்கினே பாக்குறேன், ஆளக் காணோம். கரண்டியப் போட்டுட்டு ஓடியாந்தேன். உசுரு இருந்திச்சு. மடியில போட்டுக்கினேன். என் மூஞ்சியப் பாத்து, 'வந்துட்டியா'ன்னாங்க." ஆட்டோவில் போகும்போது, தங்கமணியின் மடியிலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

வந்துட்டியா. வேறு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டு வாய்விட்டு அழுதேன்.

அக்காவின் அண்ணன் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறுதிக் காரியங்களைச் செய்து முடித்தார். வேலை இருக்கிறது என்று மாலையே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டைக் கழுவிவிடுவதற்காக நான் தங்கினேன். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. மற்ற வீடுகளில் அணைந்த அடுப்பு உள்ளே எங்கோ இருக்கும். இந்த வீட்டில் அது தெருவுக்கே தெரிந்தது. சற்று நேரத்தில் ஜன்னல் கம்பி வழியாகத் தூக்குகள் வரத் தொடங்கின. சோறு, ரசம், இட்லி, யாரோ ஒருவர் வீட்டுச் சுண்டைக்காய் வற்றல். மேடை நிறைந்துவிட்டது. சாப்பிட நான் ஒருத்திதான் இருந்தேன்.

விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலருகே நின்றே சாப்பிட்டேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தெருவில் போனவர் நின்றார், முகம் தெரியவில்லை. "சாப்புட்டீங்களாம்மா?" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே கேட்டார்.

போய் வாருங்கள் அக்கா. சாப்பிட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.