மாமாவின் சிவப்புக் காரும் என் பெயரும்

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், பெரியவள், நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, நான் வாங்கிற கார் உங்கட பேரில இருந்தா இன்சூரன்ஸ் சீப். எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்." நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவன், "அப்பா ஃப்ரீஸ் ஆகிட்டார்" என்று நீ சிரித்தாய். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்பதை எழுதித்தான் சொல்ல முடியும். வாயால் சொல்லப் போனால் பாதியில் எனக்குக் கோபம் வரும், பிறகு கதை வேறு எங்கோ போய்விடும்.

மாமாவின் சிவப்புக் கார் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நாங்கள் அப்போது லாசாலில் மூன்றாம் மாடியில் இருந்தோம். உங்கள் அம்மாவுக்கு இருக்கிற ஒரே தம்பி அவன். ஊரிலிருந்து வந்த முதல் வருடம் எங்கள் சோபாவில்தான் படுத்தான். பிறகு பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எடுத்து, பழைய யப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான். இரண்டே கதவு. பின் சீற்றில் உங்களைப் போன்ற குஞ்சுகள்தான் இருக்கலாம். ஐஸ்பழம் வாங்க டெப்பனூர் என்கிற மூலைக்கடைக்குக் கூட்டிப்போவான். "மாமா, வ்ரூம் போடுங்கோ!" என்று நீங்கள் கத்துவது எனக்குப் பல்கனி வரை கேட்கும்.

அந்தக் கார் என் பெயரில் இருந்தது. கலியாணம் கட்டாத இளம் பொடியன், அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இன்சூரன்ஸ் கொம்பனி தோலை உரிக்கும். என்னைப் போல இரண்டு பிள்ளைக்காரனுக்குப் பாதிக்கும் குறைவு. அதனால் சொந்தக்காரனும் நான், அதை ஓடுபவனும் நான் என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறதென்று யாரும் நினைக்கவில்லை.

ஒரு வசந்தகாலத்தில் அந்தக் காரின் எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. சிக்னலில் நின்றால் பின்னால் நீலப் புகை. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த மாமா சொன்னான்: "அத்தான், எஞ்சின் மாத்தப்போறன்."

"பழசுக்குப் பழசோ?"

"இல்ல, டேர்போ. யப்பானிலயிருந்து கழட்டி வாறது. இப்ப இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு பவர்."

அம்மா அடுப்படியில் நின்று கேட்டாள்: "உனக்கேன்டா ரெண்டு மடங்கு பவர்? பீட்சா ஆறாமக் குடுக்கவோ?"

"அக்கா, நீங்கள் சும்மா இருங்கோ. எனக்கு அத்தான்ர மூளைதான் வேணும். இருக்கிற காசை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு அவர் சொல்லட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய சந்தோஷம். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிற இடத்தில் என் கையைத்தான் கேட்பார்கள், மூளையைக் கேட்பதில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மேசையில் குந்திவிடுவோம். அவனுக்குத் தெரிந்தது எஞ்சினின் விலை மட்டும். நான் கேட்கக் கேட்கத் தொகை ஏறியது. கியர்பொக்ஸ் பொருந்துமா? பொருந்தாது, அதுவும் சேர்த்து வாங்கவேண்டும். கிளச்? அதுவும்தான். சூட்டைத் தாங்க ரேடியேற்றர்? பெரிசு வேணும். வயர்களெல்லாம் யார் கொழுவுவது? "தெரிஞ்ச பொடியன் இருக்கிறான்." "பொடியன் சும்மா செய்வானோ?" "பியர் வாங்கிக் குடுக்கலாம்." "அப்ப பியரையும் போடு." எல்லாம் கூட்டிய பிறகு அதற்கு மேல் இன்னும் அரைப் பங்கு ஒதுக்கு என்றேன். இருநூறு பேருக்குச் சொன்ன கலியாண வீட்டில் முந்நூறு பேருக்குச் சமைப்பதில்லையா, அதுபோல.

பிரேக்கில்தான் இழுபறி வந்தது.

"இருக்கிற பிரேக் நிக்குதுதானே அத்தான்."

"அது இருக்கிற எஞ்சினுக்கு நிக்குது. ரெண்டு மடங்கு ஓடுறதை ஆர் நிப்பாட்டுறது?"

"பேந்து பாப்பம்."

"பேந்து இல்லை. முதல் பிரேக், கடைசியா எஞ்சின்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஒத்துக்கொண்டான். புதுப் பெயின்ரைக் கணக்கிலிருந்து வெட்டினோம். பளபளக்கும் சில்லுகளை வெட்டினோம். கடைசியில் எல்லாம் அவன் சேர்த்த காசுக்குள் மட்டுமட்டாக அடங்கியது. எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். "கப்பல் வாங்கின ஆக்கள் மாதிரி நிக்கிறியள்" என்று சொல்லி அம்மா தேத்தண்ணி தந்தாள்.

அந்தக் கிழமை இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஏஜென்டிடம் போனேன். கோயிலில் பழக்கமான மனிதர். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: "அண்ணை, எஞ்சின் மாத்தி டேர்போ போட்டா உங்களுக்குச் சொல்லவேணுமோ?"

"ஐசே, உமக்கேன் டேர்போ? வேகத்துக்குத் தலைமயிர் பறந்திடும். இருக்கிறதே கொஞ்சம்." சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "சொன்னா இந்தக் காரைக் கொம்பனி எடுக்காது, எடுத்தாலும் விலை வானத்துக்குப் போகும். சொல்லாம விட்டு எங்கயும் இடிச்சா ஒண்டும் தராது. காயப்பட்ட ஆளை அரசாங்கம் பாக்கும். உடைஞ்ச காருக்கும் மதிலுக்கும் உம்மட்டத்தான் வருவினம்."

"ஓடுறது நானில்லையே அண்ணை."

"அதையும் நீர் எங்களுக்குச் சொல்லேல்லைத்தானே?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் கணக்கை மறுபடி மனதில் கூட்டிப் பார்த்தேன். ஆணி முதல் பியர் வரை எல்லாவற்றுக்கும் விலை போட்ட நாங்கள், என் பெயருக்கு விலை போடவில்லை. அது சும்மா கிடைத்ததால்தான் திட்டம் அடங்கியது. அவன் தன் பெயரில் இன்சூரன்ஸ் கட்டினால் எஞ்சின் காசு அதற்கே போய்விடும். என் பெயரில் விட்டால், இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிற காருக்கும், அதன் பின் சீற்றில் இருக்கிற உங்களுக்கும் நான்தான் கையெழுத்து வைத்தவன்.

அடுத்த ஞாயிறு சொன்னேன். "தம்பி, இந்த எஞ்சின் போடுறதெண்டா கார் உன்ர பேருக்கு மாறவேணும்."

அவன் கணக்கு எழுதிய தாளை மடித்தான். "அப்ப என்னில நம்பிக்கை இல்லை."

"உன்னில இருக்கு. ரோட்டில இல்லை."

"இவ்வளவு நாளும் பக்கத்தில இருந்து கணக்குப் பாத்திட்டு, அட்வான்சும் குடுத்தாப்பிறகு கையை விரிக்கிறியள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அத்தான்."

முதல் நாள் எனக்கே தெரியாது என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அவனுக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?" என்றாள். அது யாருக்குச் சொன்னதென்று நான் கேட்கவில்லை.

வாகனப் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். என் பிரெஞ்சு போதாது. கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கேட்டதற்கெல்லாம் அவன்தான் எனக்காகவும் பதில் சொன்னான். எங்கே கையெழுத்து வைப்பதென்று விரலால் காட்டினான். வெளியே வந்ததும் என்னை மெற்றோவில் இறக்கிவிடவா என்று மரியாதையாகக் கேட்டான். நடக்கிறேன் என்றேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. எஞ்சின் வந்து ஒரு கராஜில் படங்கு போர்த்தபடி கிடந்ததாம். பனி கொட்டுவதற்கு முன் காரையும் எஞ்சினையும் சேர்த்து கர்க்லாண்டில் ஒரு பொடியனுக்கு விற்றுவிட்டான். அந்தப் பொடியனின் தகப்பன்தான் வந்து தன் பெயரில் எழுதிக்கொண்டாராம். அதை அம்மாதான் எனக்குச் சொன்னாள், வேண்டுமென்றே சொன்னாள். அவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். பெரியவள், நீ அந்தக் குளிர் முழுக்க எந்தக் கார் இரைந்தாலும் ஜன்னலுக்கு ஓடினாய்.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைக் காட்டி, பார், இதற்காகத்தான் என்று சொல்ல முடியாது. மாமா நத்தார் பண்டிகைக்கு வருகிறான், உங்களுக்குச் சாமான் கொண்டு வருகிறான், என்னோடு சிரித்துக் கதைக்கிறான். ஆனால் ரொறன்ரோவில் வீடு வாங்கியதை வாங்கி முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னான். என் மூளையை அவன் மறுபடி கேட்கவில்லை.

பெரியவள், நீ கேட்டபோது என் வாய் ஓம் சொல்லப் போனது. அதை அம்மா கண்டுவிட்டாள். நீ எங்களோடு இருக்கிறாய், ஓடுவது நீதான் என்று கொம்பனிக்கு ஒளிக்காமல் சொல்லலாம், நீ பார்த்து வைத்திருப்பதும் பழைய சின்னக் கார். காரணம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் மாமாவும் என் சோபாவில் படுத்தவன்தான்.

அதனால் நேற்று அவனுக்கு போன் எடுத்தேன். வேறு யாரும் சொல்லி அவன் இதை அறியக்கூடாது. பெரியவளுக்குக் கார் பார்க்கிறோம், என் பெயரில் எடுக்கப் போகிறேன் என்றேன். போனில் அவன் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"பிரேக் பாத்தியளோ?" என்றான்.

"இன்னும் இல்லை."

"முதல் பிரேக்கைப் பாருங்கோ, அத்தான்." போனை வைத்துவிட்டான்.

என்ன சொன்னவன் என்று அம்மா கேட்டாள். பிரேக் பார்க்கச் சொன்னவன் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சனிக்கிழமை அந்தக் காரைப் பார்க்கப் போவோம், பெரியவள். சில்லைக் கழற்றிப் பிரேக்கைக் காட்டாவிட்டால் வாங்கமாட்டேன்.